பக்கவாட்டில் நகர்தல்: குதிரை, உடல், 'உதவி' என்னும் அதிகாரம்

ஃபூக்கோவின் 'கண்காணிப்பும் தண்டனையும்' (1975) நூலை நம்மில் பலர் ஆங்கிலம் வழியாகத்தான் படித்தோம். உடல்கள் எப்படிப் பழக்கப்படுகின்றன என்று விளக்கும் ஓர் அத்தியாயத்திற்கு அவர் பிரெஞ்சில் வைத்த தலைப்பில் 'ட்ரெஸ்மான்' என்றொரு பழைய சொல் இருக்கிறது. குதிரையைப் பழக்குவதற்குப் பிரெஞ்சில் வழங்கும் 'ட்ரெஸாஜ்' என்ற சொல்லின் கூடப்பிறந்தது அது. ஆங்கிலத்தில் அது வெறும் 'பயிற்சி' ஆகிவிட்டதால் குதிரை காணாமல் போய்விட்டது. லெஃபெவ்ர் மட்டும் மறக்கவில்லை. அவர் இறந்தபின் 1992இல் வெளியான, தாளம் பற்றிய சிறு நூலில் ஓர் அத்தியாயத்திற்கே ட்ரெஸாஜ் என்றுதான் பெயர். மனிதர்கள் விலங்குகளைப் பழக்குவதுபோலத் தங்களையே பழக்கிக்கொள்கிறார்கள் என்பது அவர் வாதம். ஆனால் அங்கேயும் குதிரை உவமையாக வந்துவிட்டுப் போய்விடுகிறது. நம் அரசியல் பேச்சிலும் அப்படித்தான். கடிவாளம் போடுகிறோம், எவனோ முதுகில் ஏறி சவாரி செய்கிறான் என்கிறோம். கடிவாளத்தின் இரும்பு நாக்கின்மேல் எங்கே படுகிறது என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும்.

வேலை நிமித்தம் வட ஜெர்மனியில் சில வருடங்களாக இருக்கிறேன். சனி ஞாயிறுகளில் ஊர்ப்புறத்து லாயம் ஒன்றில் இலத்தி அள்ளி, வைக்கோல் பரப்பி, தண்ணீர்த் தொட்டி கழுவி, அதற்கு ஈடாக வாரம் ஒருமுறை குதிரையேற்றம் கற்றுக்கொள்கிறேன். (குதிரை போடுவதும் லத்தி, போலீஸ்காரர் பிடிப்பதும் லத்தி. மூலம் வேறு வேறுதான். இருந்தாலும் ஊரில் தோழர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள்.) மூன்று வருடமாக நான் மல்லுக்கட்டுவது பக்கவாட்டு அசைவுகள் எனப்படும் ஒரு பகுதியோடு. குதிரை நேராக நடக்காமல், உடம்பை வளைத்துக்கொண்டு, முன்னேயும் பக்கத்திலும் ஒரே சமயத்தில் போவது. இதென்ன பெரிய விஷயம், நண்டுகூடத்தான் போகிறது என்று கேட்கலாம். நண்டு தன் காரியமாகப் போகிறது. இங்கே ஐந்நூறு அறுநூறு கிலோ எடையுள்ள ஒரு பிராணி, தனக்கு ஒரு தேவையும் இல்லாத ஒரு திசையில், முதுகில் இருப்பவன் இடுப்பை ஒரு விரற்கடை நகர்த்தியதற்காகப் போகிறது. அதிகாரம் உடலில் எப்படி இறங்குகிறது என்று வருஷக்கணக்கா எழுதிக்கிட்டும் பேசிக்கிட்டும் இருக்கிற நமக்கு, அது இறங்குகிற இடத்தைத் தொடையாலும் கையாலும் தொட்டுப் பார்க்கிற வாய்ப்பு அபூர்வம். ஆகவே இதை விளக்கமாக எழுதலாம் என்று தோன்றியது.

*

முதலில் உடம்பு. குதிரைக்குக் காறை எலும்பு கிடையாது. முன்னங்கால்களை உடலோடு இணைப்பது எலும்பு மூட்டு இல்லை, தசையும் நாரும்தான். இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவே நெஞ்சுக்கூடு தூளியில் கிடக்கிற பிள்ளை மாதிரித் தொங்குகிறது. சும்மா நிற்கும் குதிரையின் எடையில் ஏறக்குறைய 60 விழுக்காட்டை முன்னங்கால்கள் தாங்குகின்றன. தலையும் கழுத்தும் அந்தப் பக்கம்தானே இருக்கிறது. பின்னங்கால்களின் வேலை தள்ளுவது. புல் மேயவும் புலியைக் கண்டால் ஓடவும் இது போதும். ஆனால் முதுகில் ஓர் ஆள் ஏறியதும் அந்தச் சுமையின் பெரும்பங்கும் முன்னால் சேர்ந்துவிடுகிறது. அப்படியே வருடக்கணக்கில் ஓட்டினால் முன்னங்கால்கள் கெட்டுப்போகும். எனவே பின்னங்கால்கள் தள்ளுவதோடு தாங்கவும் கற்றுக்கொள்ள வேண்டும். மடங்கி, வயிற்றுக்கு அடியில் வந்து, பாரத்தை ஏற்க வேண்டும்.

இதில் இன்னொரு சிக்கல். மனிதரில் வலக்கை இடக்கை பழக்கம் இருப்பதுபோல எல்லாக் குதிரையும் கோணல். ஒரு பக்கம் எளிதாக வளையும், மறுபக்கம் கட்டைபோல விறைக்கும். இரண்டு பின்னங்கால்களில் ஒன்று சோம்பேறி. அது உடலுக்கு அடியில் வராமல் ஒதுங்கி வெளியே மிதிக்கும். இரண்டு கால்களையும் ஒரேயடியாகத் தாங்கச் சொன்னால் கெட்டிக்காரக் காலே வேலையைச் செய்துவிட்டு மற்றதை மறைத்துக்கொள்ளும். (தொழிற்சங்கத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி பரிச்சயமாக இருக்கும்.) ஒவ்வொரு காலாகத் தனியே கேட்க வேண்டும். பக்கவாட்டு அசைவு என்பது அப்படிக் கேட்பதற்குக் கண்டுபிடித்த வழி.

அடிப்படையானது 'தோள் உள்ளே' எனப்படுவது. 20 மீட்டர் அகலமும் 60 மீட்டர் நீளமும் உள்ள மணற்களத்தில் சுவரை ஒட்டிப் போகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னங்கால்கள் சுவரோரத் தடத்திலேயே இருக்க, முன்னங்கால்களையும் தோள்களையும் மட்டும் களத்தின் உட்பக்கமாகச் சுமார் 30 பாகை கொண்டுவர வேண்டும். குதிரையின் உடல் நம் உட்பக்கக் காலைச் சுற்றி மெல்ல வளைந்திருக்கும். முகம் களத்தின் நடுவை நோக்கும். ஆனால் போவது சுவரோரமாகவே. அதாவது அது பார்க்கும் பக்கத்திற்கு எதிர்ப்பக்கமாகப் போகிறது. எதிரே நின்று பார்ப்பவருக்கு நான்கு கால்களும் மூன்று தடங்களில் தெரியும். சுவரோரம் வெளிப் பின்னங்கால், நடுத்தடத்தில் உள் பின்னங்காலும் வெளி முன்னங்காலும் ஒன்றன்பின் ஒன்றாக, உள்ளே தனியாக உள் முன்னங்கால். இந்த நடுத்தடம்தான் விஷயம். உள் பின்னங்கால் வயிற்றின் கீழே குறுக்காக எட்டிவந்து, மடங்கி, பாரத்தை வாங்கிக்கொள்கிறது. சோம்பலுக்கு இடமில்லை.

மற்றவை இதிலிருந்து கிளைப்பவை. 'ட்ராவெர்' என்றால் முன்பாகம் சுவரோரத்தில், பின்பாகம் உள்ளே, கோணம் இன்னும் கொஞ்சம் கூட, தடங்கள் நான்கு. குதிரை தான் போகும் திசையையே பார்க்கும். அதையே கண்ணாடியில் பார்த்ததுபோல் வாலைச் சுவர்ப்பக்கம் வைத்துச் செய்தால் 'ரென்வெர்'. சுவரை விட்டுவிட்டு மூலைவிட்டமாக ட்ராவெர் செய்துகொண்டு போனால் அது 'ஹாஃப் பாஸ்'. ஒலிம்பிக் ஒளிபரப்பில் கால்கள் கத்தரிபோலக் குறுக்கிட்டுக்கொண்டே ஒரு குதிரை களத்தை நீந்திக் கடப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதுதான். வளைவே இல்லாமல் காலழுத்தத்திற்கு விலகி மட்டும் போவது தொடக்கக்காரர்களின் பாடம். ஜெர்மனில் அதை 'ஷெங்கெல்வைஷென்' என்பார்கள்: காலுக்கு வழிவிடுதல்.

*

இந்த அசைவுகளைக் கண்டுபிடித்தவர்கள் யார் என்று பார்த்தால் கதை நேரே அரசவைக்குப் போகிறது. 1550இல் நேப்பிள்ஸில் க்ரிசோனே எழுதிய நூலில் பணியாத குதிரையின் வாலடியில் முள்ளெலியைக் கட்டுவது, கழியின் நுனியில் பூனையைக் கட்டி வயிற்றடியில் நீட்டுவது போன்ற வழிகள் எல்லாம் உண்டு. அதே நேப்பிள்ஸில் பாடம் கேட்டுவிட்டு பாரிசுக்கு வந்த ப்ளுவினேல், பதின்மூன்றாம் லூயிக்குக் குதிரையேற்றம் கற்பித்தவர். அடியைக் கடைசியில் வைத்துப் பொறுமையை முன்னே வைத்தார். அவர் மறைந்தபின் 1623இல் வெளிவந்த நூல் அரசனும் ஆசிரியரும் உரையாடும் வடிவத்தில் அமைந்தது. குதிரையைச் சத்தமில்லாமல் ஆளத் தெரிந்தவனே குடிகளை ஆளத் தகுந்தவன் என்பது அக்காலத்துப் பொதுக் கருத்து. முள்ளெலியிலிருந்து உரையாடலுக்கு வந்ததைக் கருணையின் வரலாறு என்று குதிரைப் புத்தகங்கள் எழுதுகின்றன. ஃபூக்கோவைப் படித்தவர்களுக்கு அது அவ்வளவு சுலபமாகச் செரிக்காது. வதையிலிருந்து ஒழுங்குக்கு வந்த வரலாறு அது. நடந்தது இரண்டும்தான். முள்ளெலி போனது குதிரைக்கு நல்லது.

பிறகு நியூகாசில் பிரபு. இங்கிலாந்து உள்நாட்டுப் போரில் அரசனின் பக்கம் நின்று 1644இல் மார்ஸ்டன் மூரில் தோற்று நாட்டை விட்டு ஓடியவர். ஆண்ட்வெர்ப்பில், ஓவியர் ரூபென்ஸ் வாழ்ந்த வீட்டில் வாடகைக்கு இருந்துகொண்டு குதிரைகளைப் பழக்கினார். 1658இல் பெரிய நூல் வெளியிட்டார். மனிதர்களைக் கட்டியாள முடியாமல் போன ஒரு பிரபு, கடனில் வாழ்ந்துகொண்டு, குதிரைகளின் கீழ்ப்படிதல் பற்றி எழுதுகிறார். அவர் வட்டத்தில் செய்த பயிற்சியை எடுத்து, வட்டம் பாரத்தை முன்தோளில் தள்ளிவிடுகிறது என்று கண்டு, நேரான சுவரோரத்திற்குக் கொண்டுவந்தவர் லா கெரினியேர். 1733இல் வந்த அவர் நூலில்தான் 'தோள் உள்ளே' இன்றைக்கு நாம் அறியும் வடிவத்தைப் பெறுகிறது. கற்பிக்க வேண்டியவற்றில் அதுவே முதலும் கடைசியும் என்று அவர் கருதினார்.

அவர் 1730 முதல் பாடம் நடத்திய இடம் பாரிசில் துய்லெரி அரண்மனையை ஒட்டிய குதிரைப் பயிற்சிக் கூடம். நீளமான, கூரையிட்ட மண்டபம். 1789 நவம்பரில் பிரெஞ்சு தேசிய அவை வந்து உட்கார்ந்தது அதே மண்டபத்தில்தான். இடது என்றும் வலது என்றும் நாம் இன்றும் சண்டைபோட்டுக்கொள்ளும் சொற்கள் நிலைபெற்ற இடங்களில் ஒன்று அது. பதினாறாம் லூயியை விசாரித்து 1793 ஜனவரியில் மரண தண்டனை விதித்ததும் அங்கேயே. அரசர்கள் குதிரையை ஆளக் கற்ற மண்டபத்தில் குடிகள் அரசனை விசாரித்தார்கள். வரலாறு சில சமயம் நம்ம ஆளுங்க மேடையில் பேசுவதைவிட நேரடியாகப் பேசிவிடுகிறது.

*

இனி, கற்றுக்கொள்வது. குதிரையிடம் சொல்லும் சைகைகளை ஜெர்மனில் 'ஹில்ஃபென்' என்கிறார்கள்; பிரெஞ்சிலும் அதே பொருள்: உதவிகள். கட்டளை என்று ஒருவரும் சொல்வதில்லை. கால் உதவி, கை உதவி, எடை உதவி. சாட்டையும் குதிமுள்ளும்கூட உதவிகள்தான். இந்தச் சொல்லாடலைக் கேட்டு முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. வளர்ச்சி உதவி, கட்டமைப்புச் சீர்திருத்த உதவி என்றெல்லாம் கேட்டு வளர்ந்த தலைமுறை நம்முடையது.

'தோள் உள்ளே'க்கு உதவிகள் இவை. உட்பக்க இடுப்பெலும்பில் எடை கொஞ்சம் கூட. உட்கால் சேணக் கச்சையருகே, உள் பின்னங்காலைக் கேட்டுக்கொண்டு. வெளிக்கால் ஒரு கையகலம் பின்னால், பின்பாகம் வெளியே சரியாமல் காவல். உள் வார் முகத்தை லேசாகத் திருப்ப மட்டும். வெளி வார் தோளை எல்லையில் வைக்க. காகிதத்தில் பார்த்தால் எளிது. குதிரைமேல் உட்கார்ந்ததும் எல்லோருடைய கையும் ஒரே காரியத்தைச் செய்யும்: உள் வாரைப் பிடித்து இழுக்கும். தோள் உள்ளே வரணுமா, உள்ளே இழு. நியாயமாகத்தான் தோன்றுகிறது. ஆனால் வருவது கழுத்து மட்டும். முகம் நம் முழங்காலைப் பார்க்க, தோளும் மற்ற உடம்பும் சுவரோரமாகப் பழையபடி நேரே போய்க்கொண்டிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் குதிரை பணிந்துவிட்டது. கீழே கால்களைப் பார்த்தால் ஒன்றும் நடக்கவில்லை. எங்கள் பயிற்சியாளர் அம்மா, எழுபதை நெருங்குகிறவர், களத்தின் நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு இதைப் பார்த்தால் ஒன்றே ஒன்று சொல்வார்: "தலையைத் திருப்பிட்டே, சரி. காலை யார் திருப்புறது?" கட்சி மாநாடுகளில் தீர்மானங்கள் நிறைவேறும்போது எனக்கு இந்த வாக்கியம் நினைவுக்கு வருவதுண்டு.

கால்களைக் கேட்பதற்கு நேரம் உண்டு. தரையில் ஊன்றி எடை தாங்கிக்கொண்டிருக்கும் காலை யாரும் நகர்த்த முடியாது. அது தரையை விட்டு எழும் கணத்தில் கேட்டால்தான் அது விழும் இடம் மாறும். அந்தக் கணம் எப்போது? உள் பின்னங்கால் முன்னால் வீசும்போது குதிரையின் வயிறு வெளிப்பக்கமாக ஊசலாடி விலகுகிறது. நம் உட்பக்க இடுப்பு லேசாக இறங்குகிறது. பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது, உட்கார்ந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த இறக்கத்தில் கெண்டைக்கால் ஒரு சுவாசம் அளவுக்கு நெருங்கி, உடனே விட வேண்டும். இந்த 'உடனே விடுவது' எனக்குக் கைவரப் பல மாதங்கள் ஆயின. குதிரைக்குப் பாடம் அழுத்தத்தில் இல்லை, அழுத்தம் நிற்பதில்தான். ஓர் அடி எடுத்து வைத்தது, அழுத்தம் நின்றது. ஆகவே அந்த அடிதான் கேட்கப்பட்டது என்று அது கண்டுகொள்கிறது. நடத்தையியலில் இதை எதிர்மறை வலுவூட்டல் என்பார்கள். பதில் சொன்ன பிறகும் கால் அழுத்திக்கொண்டே இருந்தால் பதிலுக்கு அர்த்தம் இல்லை. கொஞ்ச நாளில் குதிரை அந்த விலாவை மரத்துப்போக வைத்துக்கொள்ளும். ஈ உட்கார்ந்தால் சிலிர்க்கிற தோல் அது. அதையே மரக்கடிக்க முடிகிறது என்பது மனிதனின் சாதனை.

இன்னொன்று, குதிரையைப் பழக்கப் போகிறவன் முதலில் பழக்கப்படுகிறான். குதிரையை வலப்பக்கம் தள்ள நினைக்கும் உடல் தானறியாமல் ஓர் இடுப்பை மடித்து எதிர்ப்பக்கம் சரிகிறது. குதிரை அந்தச் சரிவின் கீழே வந்து நிற்கிறது, அதாவது கேட்டதற்கு நேர் எதிராக. அது வாய்ச்சொல்லையோ எண்ணத்தையோ கேட்கவில்லை, எலும்பைக் கேட்டது. ஆகவே என் இடத்தோள் எப்போதும் உயர்ந்திருப்பது, மேசை வேலையில் கழுத்து முன்னால் நீண்டிருப்பது, மூச்சைப் பிடித்துக்கொள்வது எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்துச் சரிசெய்ய வேண்டியிருக்கிறது. நாற்காலி, பள்ளிக்கூட பெஞ்சு, கணினி இவையெல்லாம் நாற்பது வருஷமாகச் செய்துவைத்த ட்ரெஸாஜைக் குதிரை ஒரே நாளில் வாசித்துவிடுகிறது.

இப்படி வாசிப்பதற்கு ஒரு புகழ்பெற்ற சாட்சி உண்டு. பெர்லினில் ஹான்ஸ் என்றொரு குதிரை கணக்குப் போடுகிறது என்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரும் பரபரப்பு. கேள்வி கேட்டால் குளம்பால் தட்டி விடை சொல்லும். 1904இல் குழு அமைத்து ஆராய்ந்தார்கள். 1907இல் ப்ஃபுங்ஸ்ட் முடிவை வெளியிட்டார். கேட்பவருக்கே விடை தெரியாவிட்டால் ஹான்ஸுக்கும் தெரியவில்லை. சரியான எண் வந்ததும் கேட்பவரின் தலை மிக மிக நுண்ணியதாக உயர்ந்தது. ஹான்ஸ் அதைக் கண்டு நிறுத்தியது. இதை அறிந்த பிறகும் ப்ஃபுங்ஸ்டால் தன் தலை அசைவை அடக்க முடியவில்லை. 'வெறும் சைகைதான், அறிவு இல்லை' என்று நூறு வருடம் பாடப்புத்தகத்தில் எழுதினார்கள். வின்சியான் டெப்ரே 2004இல் எழுதிய கட்டுரையில் கேள்வியைத் திருப்பிப் போட்டார்: அப்படியானால் யார் யாரைப் பழக்கியது? தங்களுக்கே தெரியாமல் அசையும்படி அத்தனை மனிதர்களையும் செய்தது யார்?

டெப்ரேயின் கேள்வி அழகானது. ஆனால் இந்த இடத்தில் நம்மில் சிலர் சட்டென்று 'பரஸ்பர உருவாக்கம்', 'இரண்டு உடல்களின் உரையாடல்' என்று பறந்துவிடுவார்கள். கொஞ்சம் நிற்கலாம். ஹான்ஸின் சொந்தக்காரர் வீட்டுக்குள் போனார். ஹான்ஸ் லாயத்துக்குப் போனது.

*

யார் சேணத்தில் உட்கார்ந்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். ட்ரெஸாஜ் 1912இல் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் சேர்ந்தது. 1948 வரை அதில் படை அதிகாரிகளும் கனவான்களும்தான் கலந்துகொள்ளலாம். சாதாரணப் படைவீரர்களுக்கும் பெண்களுக்கும் இடமில்லை. 1948 லண்டனில் ஸ்வீடன் குழு தங்கம் வென்றது. குழுவில் இருந்த கெஹ்னால் பெர்சன் உண்மையில் சார்ஜென்ட். போட்டிக்காக மட்டும் லெஃப்டினன்ட் ஆக்கி, முடிந்ததும் பழைய பதவிக்கு இறக்கிவிட்டார்கள். விஷயம் தெரிந்ததும் 1949இல் பதக்கம் பறிக்கப்பட்டுப் பிரான்சுக்குப் போனது. குதிரை செய்த ஹாஃப் பாஸில் யாருக்கும் குறை தெரியவில்லை, தோள்பட்டையில் இருந்த சின்னத்தில்தான் குறை. இந்த அவமானத்திற்குப் பிறகு விதி மாறியது. 1952 ஹெல்சிங்கியில் அதே மூவர், பெர்சன் உட்பட, மறுபடி தங்கம் வென்றார்கள்.

அதே ஹெல்சிங்கியில் முதன்முறையாகப் பெண்கள் வந்தார்கள். டென்மார்க்கின் லிஸ் ஹார்ட்டெல் தனிநபர் வெள்ளி வென்றார். 1944இல் போலியோ தாக்கி முழங்காலுக்குக் கீழே இயக்கம் இழந்தவர். குதிரையில் ஏறவும் இறங்கவும் ஆள் தூக்கிவிட வேண்டும். 1956இலும் வெள்ளி. நான் மேலே விவரித்த கெண்டைக்கால் உதவி எதுவும் அவரிடம் கிடையாது. இடுப்பும் எடையும் முதுகும் மட்டும். ஆனாலும் அவருடைய ஜூபிலி என்ற குதிரை பக்கவாட்டில் போனது. 'வலுவான காலால் தள்ளு' என்று கத்தும் பயிற்சியாளர்கள் இந்த ஒரு பெண்ணைப் பற்றி யோசித்துப் பார்க்கலாம். வியன்னாவின் புகழ்பெற்ற ஸ்பானிஷ் பயிற்சிப்பள்ளி, நானூறு ஆண்டுக்கு மேற்பட்டது, பெண்களை முதன்முதலாகப் பயிற்சிக்குச் சேர்த்துக்கொண்டது 2008இல். லாயத்தில் இலத்தி அள்ளும் பெண்கள் பற்றி மேலே எங்கேயும் பேச்சில்லை. நான் போகும் இடத்தில் சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு வருகிறவர்கள் ஏறக்குறைய எல்லோரும் பெண்கள். குதிரையின் சொந்தக்காரர்கள் பத்து மணிக்கு வருவார்கள்.

*

சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பின் விதிநூலில் பல பத்தாண்டுகளாக ஒரு கருத்து இருந்துவருகிறது. கேட்கப்படுவதைக் குதிரை தன் விருப்பத்தால் தானே செய்வது போன்ற தோற்றத்தைத் தர வேண்டும் என்பது அதன் சாரம். 'தோற்றம்' என்ற சொல்லைக் கவனியுங்கள். கிராம்சியின் 'இசைவு' பற்றி நம் இதழ்களில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம். இங்கே அது மதிப்பெண் போடும் அளவுகோலாகவே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. நடுவருக்கு இசைவு தேவையில்லை, இசைவின் தோற்றம் போதும். தோற்றத்திற்கு மதிப்பெண் கொடுத்தால் தோற்றத்தை உற்பத்தி செய்யும் தொழில் வளரும். வளர்ந்தது. குதிரையின் முகத்தை நெஞ்சோடு சேர்த்து மடக்கி வைத்துப் பழக்கும் 'ரோல்கூர்' முறை பற்றி வருடக்கணக்கில் சச்சரவு. 2010இல் கூட்டமைப்பு, ஆக்ரோஷமான பலத்தால் அப்படி மடக்குவது ஏற்கத்தக்கதல்ல என்றது. பலம் இல்லாமல் தாழ்த்தி வட்டமாக்குவது சரி என்றது. பலம் எங்கே தொடங்குகிறது என்பதை வாருக்கு வெளியே நிற்பவர் எப்படி அளப்பது? 2024 ஜூலையில், பாரிஸ் ஒலிம்பிக் தொடங்கும் தறுவாயில், பிரிட்டனின் சார்லட் டுஜார்டின் போட்டியிலிருந்து விலகினார். ஒரு பயிற்சியின்போது தரையில் நின்றபடி குதிரையின் கால்களில் நீண்ட சாட்டையால் மறுபடி மறுபடி அடிக்கும் காணொளி வெளிவந்திருந்தது. ஓராண்டு தடை விதித்தார்கள். ஒலிம்பிக் தங்கங்கள் வென்றவர். குதிரையோடு மென்மையாக இருப்பவர் என்று பெயர் பெற்றவர்.

சவாரி என்றாலே வன்முறைதான், விட்டுவிடு என்று சொல்லும் நண்பர்கள் உண்டு. குதிரையும் மனிதனும் ஒன்று என்று உருகுகிறவர்களும் லாயத்தில் உண்டு. இரு தரப்பாரும் கால்கள் விழும் இடத்தைப் பார்ப்பதில்லை. மென்மையான உதவிக்குப் பின்னால் கனமான உதவி எப்போதும் நின்றுகொண்டிருக்கிறது; சுவாசம் அளவுக்குக் கால் நெருங்கினால் போதும் என்பது, அதைவிட அதிகமும் வரக்கூடும் என்ற நினைவால் சாத்தியமாகிறது. லத்தியை ஓங்காமலே கூட்டம் கலைகிறதே, அந்த மாதிரி. இதை மறைத்து எழுதும் எந்தக் குதிரைப் புத்தகத்தையும் நான் நம்புவதில்லை. குதிரைக்குக் கதவைத் திறந்துகொண்டு போகும் வழி இல்லை. அது இல்லாத இடத்தில் சம்மதம் என்ற சொல்லைப் பயன்படுத்த எனக்கு மனம் வரவில்லை.

ஆனாலும் இந்த மரபுக்குள்ளேயே ஒரு சோதனை இருக்கிறது, அதைச் சொல்லாமல் விடுவது நேர்மை ஆகாது. பழைய ஜெர்மன் குதிரைப்படைப் பயிற்சி மரபில் படிகளை வரிசையாக அடுக்கும்போது, சீரான தாளத்திற்கு அடுத்ததாக வருவது 'லோஸ்கெலாஸென்ஹைட்'. தளர்ந்திருத்தல், விடுபட்டிருத்தல் என்று சொல்லலாம். (ஹைடெகர் 1959இல் தன் சிறு நூல் ஒன்றுக்கு வைத்த தலைப்பு இதன் பாதிச்சொல். படைமுகாமிலும் தத்துவத்திலும் ஒரே சொல் உலவுவதை ஜெர்மன்காரர்கள் யாரும் விசித்திரமாக நினைப்பதாகத் தெரியவில்லை.) அது இருக்கிறதா என்று பார்க்கும் செயலின் பெயர் 'ஊபர்ஷ்ட்ரைஷென்'. அசைவின் நடுவே, ஒரு கையையோ இரு கைகளையுமோ குதிரையின் கழுத்தோடு முன்னால் நகர்த்தி, வாரைத் தொய்யவிட வேண்டும், இரண்டு மூன்று அடிகளுக்கு. குதிரை அதே வளைவில், அதே தாளத்தில், தன் எடையைத் தானே தாங்கிக்கொண்டு போனால், அதுவரை நடந்தது அதன் உடம்பில் நடந்தது. முகம் மேலே போய், நடை வேகமாகி, சுவரை நோக்கி நேராகிவிட்டால், அதுவரை நடந்தது நம் கையில்தான் நடந்திருக்கிறது. விட்டுப் பார்ப்பது ஒன்றுதான் வழி. தன் பிடி எவ்வளவு என்று அறிய அதைத் தானே தளர்த்திப் பார்க்கும் ஏற்பாடு நான் பார்த்த அமைப்புகள் அதிகம் எதிலும் இல்லை. அமைப்பு என்று கட்சியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், இதழ் ஆசிரியர் குழுக்களையும்.

இந்தச் சோதனை குதிரைக்குக் கதவைத் திறந்துவிடாது. ஆனால் பொய்யைக் காட்டிக்கொடுக்கும். அடுத்தமுறை ஹாஃப் பாஸ் பார்க்க நேர்ந்தால் கால்கள் குறுக்கிடும் அழகில் கண் போகும், அதைத் தடுக்க முடியாது. அதோடு வாயைப் பாருங்கள்: திறந்திருக்கிறதா, நாக்கு நீலமாகிப் பக்கவாட்டில் தெரிகிறதா. வால் தாளத்தோடு ஊசலாடுகிறதா, சாட்டைபோல வீசுகிறதா. மூக்குப்பட்டை எவ்வளவு இறுக்கம் என்பதை இவ்வளவு காலம் விரல் விட்டுத்தான் பார்த்தார்கள், யாருடைய விரல் என்பது சொந்த சௌகரியம். 2025 முதல் கூட்டமைப்பின் போட்டிகளில் அதற்கென ஓர் அளவுகருவி வந்திருக்கிறது. கருவி மூக்கெலும்பின் மேல் நுழையவில்லை என்றால் தளர்த்தச் சொல்கிறார்கள்.

எனக்குத் தந்திருக்கும் குதிரை பதினேழு வயதுப் பெண்குதிரை, பழுப்பு நிறம், வலப்பக்கம் விறைப்பு. இடப்பக்கத் 'தோள் உள்ளே'யில் உள் வாரை மூன்று அடிக்கு விட்டால் இப்போதெல்லாம் தாங்கிக்கொள்கிறாள். வலப்பக்கம் சில நாள் தாங்குவாள், சில நாள் இரண்டாவது அடியிலேயே நிமிர்ந்து சுவரோரமாக நேரே போய்விடுவாள். அந்த நாட்களில் துள்ளுநடையை விட்டுவிட்டு நடைக்கு இறங்கி, நீண்ட வாரில் களத்தை ஒரு சுற்று வந்து, மூலையிலிருந்து மறுபடி கேட்கிறோம். அப்போதும் மறுத்தால் சேணத்தைக் கழற்றி வெளியே மேய விட்டுவிடச் சொல்கிறார் அந்த அம்மா. வலப் பின்னங்காலின் முழங்கணுவில் வயதுக்கான தேய்மானம் இருக்கலாம் என்று கால்நடை மருத்துவரை வரச் சொல்லியிருக்கிறோம்.